முட்டை இருக்கிறது, குஞ்சு எங்கே? பட்டாணிப் பஃபர் வளர்ப்பவருக்கு ஒரு பதில்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வீவக அடுக்குமாடி வீட்டில் இரண்டடித் தொட்டி, அதில் பட்டாணிப் பஃபர் என்கிற குட்டி நன்னீர்ப் பேத்தை மீன் ஆறு, வாங்கி நான்கு மாதம். ஒரு ஜோடி மூன்று முறை மாஸுக்குள் (தொட்டியில் வளர்க்கும் பாசி) புகுந்து வந்ததைப் பார்த்தேன், ஆனால் ஒரு குஞ்சைக்கூடக் காணோம், இவற்றை இனப்பெருக்கம் செய்ய வைப்பது எப்படி, நண்பர் சொல்வதுபோல் உப்புப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உப்புக் கேள்விக்குப் பதில் சுலபம்: போடாதீர்கள். முதல் கேள்வியைத்தான் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மீன்கள் அநேகமாக மூன்று முறையும் முட்டை போட்டுவிட்டன. அவற்றின் வேலையை அவை செய்துவிட்டன. அந்த முட்டைக்கும் குஞ்சுக்கும் நடுவில் உங்கள் தொட்டியில் என்ன நடக்கிறது என்பதற்குத்தான் நான் பதில் சொல்லப் போகிறேன்.

சுங்கை தெங்காவில் ஓர் அலங்கார மீன் பண்ணையில் 11 ஆண்டுகள் குஞ்சுப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே கப்பி, டெட்ரா மாதிரியான மீன்கள்தான். பஃபர் எல்லாம் ஈசூன் வீட்டில், என் சொந்தக் காசில், என் மனைவியின் பொறுமையில். பட்டாணிப் பஃபரை மூன்று தலைமுறை எடுத்திருக்கிறேன். சிவப்பு வால் பஃபரில் இரண்டு முறை குஞ்சு கிடைத்தது. அதற்கு மேல் எனக்கு அனுபவம் கிடையாது. அதனால் கீழே சொல்வதெல்லாம் பட்டாணிப் பஃபரைப் பற்றித்தான். வீட்டில் இதை "பீ பஃபர்" என்று ஆங்கிலத்தில் சொல்லப் போய் அம்மா முகம் சுளித்ததிலிருந்து எங்கள் வீட்டில் இது பட்டாணிப் பேத்தை. பஃபருக்கு நம் கடற்கரைக்காரர்கள் வைத்த பெயரே பேத்தைதானே.

உப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன். இந்த மீனை 1941இல் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்றிலிருந்து எடுத்து அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். கரினோடெட்ராடன் டிராவன்கோரிகஸ் என்ற அதன் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகள்தான் அதற்குப் பூர்வீகம். பிறப்பு முதல் இறப்பு வரை நன்னீரிலேயே வாழும், அதற்கு உப்பு எந்த வகையிலும் தேவையில்லை. உங்கள் நண்பர் சொன்னது வேறு மீனுக்குப் பொருந்தும். இங்கே கடைகளில் நன்னீர்த் தொட்டியிலேயே விற்கப்படும் பச்சைப் புள்ளி பஃபரும் எட்டு வடிவக் கோடு போட்ட பஃபரும் உவர்நீர் மீன்கள். அவை குட்டியாக இருக்கும்போது நன்னீரில் தாங்கும், வளர வளர நோஞ்சானாகிப் போகும். உங்களுடைய மீன் 4 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது பட்டாணிப் பஃபரே இல்லை, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஃபஹாக்கா பஃபர் 40 சென்டிமீட்டருக்கு மேலும் எம்பு 60 சென்டிமீட்டருக்கு மேலும் போகும். அவற்றை வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் யோசனையே வேண்டாம், வளர்ப்பதே பெரும்பாடு.

அடுத்து, ஆறில் எத்தனை ஆண்? இதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் முக்கால்வாசிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. வளர்ந்த ஆணுக்கு அடிவயிற்றின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் விழுந்த மாதிரி மெல்லிய வரிகள் இருக்கும், வெளிச்சம் படும்போது லேசாக மின்னும். பெண் உருண்டையாக இருக்கும், பெரிய புள்ளிகளுக்கு நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். இந்த மூன்றும் வளர்ந்த மீனில் நம்பகமான அடையாளங்கள். கடையில் இருக்கும் 1 சென்டிமீட்டர் குட்டிகளில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்கிறவர் விற்பதற்காகச் சொல்கிறார். இரண்டடித் தொட்டிக்கு ஓர் ஆண், இரண்டு மூன்று பெண் என்பது நிம்மதியான கணக்கு. மூன்று ஆண் இருந்தால் ஒன்று மற்ற இரண்டையும் மூலையில் ஒதுக்கி வைக்கும், வாலைக் கடித்துக் குதறும். அந்தக் களேபரத்திலும் முட்டை போடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஜோடி முட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது மற்ற நான்கும் பக்கத்திலேயே நின்று அதைத் தின்றுகொண்டிருக்கும். உங்கள் மூன்று தடவைக்கும் அநேகமாக இதுதான் கதி.

தண்ணீர் பற்றி நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் போடுகிறது. வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் போதும் என்று ஊரில் தாத்தா சொன்னது வெறும் குளோரினுக்குச் சரி, குளோரமின் அப்படி ஆவியாகிப் போகாது. அதை உடைக்கிற மருந்தைக் கட்டாயம் விட வேண்டும், உடைபடும்போது வெளிவரும் அம்மோனியாவையும் கட்டிப்போடுகிற வகையாக இருப்பது நல்லது. வளர்ந்த மீன் ஒரு தடவை தவறினாலும் தாங்கிக்கொள்ளும். நான்கு நாள் குஞ்சு தாங்காது. இரண்டாவது, சூடு. ஏர்கான் இல்லாத அறையில் நம் தொட்டிகள் 29, 30 டிகிரிக்குப் போய்விடும். இந்த மீனுக்கு 25லிருந்து 27 வரை சுகம். தொட்டி விளிம்பில் மாட்டுகிற சின்ன விசிறி இரண்டு டிகிரியாவது இறக்கும், தண்ணீர் வற்றுவதை மட்டும் அவ்வப்போது நிரப்ப வேண்டும். குளிர்விக்கும் இயந்திரம் எல்லாம் இதற்கு வாங்க வேண்டாம்.

சரி, முட்டை. ஒரு வாரம் நத்தையும் உறைந்த பிளட்வோர்மும் (சிவப்புப் புழு) தாராளமாகக் கொடுத்து, தண்ணீரில் கால்வாசியை இரண்டு டிகிரி குளிர்ந்த தண்ணீராக மாற்றினால் ஓரிரு நாளில் ஆண் பெண்ணைத் துரத்தத் தொடங்கும். குளிர்ந்த தண்ணீர் கேரளத்துப் பருவமழையை நினைவூட்டுவதால் அப்படி நடக்கிறது என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். என் குறிப்பேட்டில் தண்ணீர் மாற்றிய மறுநாள் முட்டை போட்டதும் உண்டு, பத்து நாளாகத் தண்ணீரே தொடாதபோது போட்டதும் உண்டு. சாப்பாடுதான் காரணம் என்பது என் எண்ணம். மழைக் கதையை நான் பாதிதான் நம்புகிறேன்.

பார்க்க வேண்டிய காட்சி அது. காலை ஏழு, ஏழரை மணி. ஆண் நிறம் கறுத்து, வயிற்றுக் கோடு மை தீட்டிய மாதிரி ஆகி, பெண்ணின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மாஸை நோக்கித் தள்ளும். முதுகிலும் வயிற்றிலும் படகின் அடிக்கட்டை போல ஒரு விளிம்பு எழும்பும், இந்தப் பேரினத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். பெண்ணுக்கு விருப்பம் இல்லையென்றால் ஒரு கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி முறைத்துவிட்டு நகர்ந்துவிடும், கண்கள் தனித்தனியாகத் திரும்பும் என்பதால் அந்த முறைப்பு நன்றாகவே தெரியும். விருப்பம் இருந்தால் இரண்டும் மாஸுக்குள் தலையைச் செருகி, சில விநாடி ஒன்றாக நடுங்கும். அவ்வளவுதான். ஒரு தடவைக்கு நான்கைந்து முட்டை விழும். வேகவைத்த ரவை மணி மாதிரி, ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு, கண்ணாடி போல இருக்கும். மாஸின் நிறமே அதனுள் தெரியும் என்பதால் பத்துத் தடவை பார்த்தாலும் தப்பிப்போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் திரும்பி வரும், அதுதான் முட்டை.

ஆண் முட்டையைக் காவல் காக்கும் என்று படித்திருப்பீர்கள். என் ஆண்கள் மாஸைச் சுற்றியே திரிந்து மற்ற மீன்களை விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதே ஆண் அதே மாஸில் எதையோ கொத்தித் தின்றதையும் பார்த்திருக்கிறேன். காவலோ, தன் எல்லையை விட்டுக்கொடுக்காத குணமோ, எதுவாக இருந்தாலும் அதை நம்பி முட்டையை விட்டுவைக்க மாட்டேன். மாஸை ஒரு பெரிய உருண்டையாகப் போடாமல், உள்ளங்கை அளவு துண்டுகளாகக் கட்டிப் போடுங்கள். ஜோடி வெளியே வந்ததும் அந்தத் துண்டை அப்படியே எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிடுங்கள். சூடு மாறாது. காற்றுக்குழாயிலிருந்து விநாடிக்கு ஒரு குமிழ் வந்தால் போதும். வெள்ளையாக மாறும் முட்டைகளை டிராப்பரால் உறிஞ்சி வெளியே போடுங்கள், விட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். நல்ல முட்டையில் மூன்றாம் நாள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். கண்கள். 27 டிகிரியில் ஐந்து நாள் போல ஆகும் பொரிக்க.

இனிதான் விஷயமே இருக்கிறது. பொரித்த குஞ்சு முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருவை வைத்துக்கொண்டு டப்பாவின் அடியில் கிடக்கும், கமா போட்ட மாதிரி. அது முடிந்த அன்று அதன் வாய்க்கு எதிரே, வாயில் நுழையக்கூடிய அளவில், நகர்கிற உணவு இருக்க வேண்டும். நகராததை அது உணவாகவே எண்ணாது, பொடி, தூள், முட்டை மஞ்சள் கரைசல் எதுவும் பலிக்காது. அன்றைக்குத்தான் உணவு தேட ஆரம்பிக்கிறோம் என்றால் காரியம் முடிந்தது. பாரமீசியம் என்கிற ஒற்றைச் செல் உயிரிதான் அந்த உணவு, அதன் வளர்ப்பு நிமிர ஒரு வாரம் பத்து நாள் ஆகும், குஞ்சுக்கோ இரண்டு நாள்கூட அவகாசம் இல்லை. என் முதல் மூன்று ஈட்டுக் குஞ்சுகளையும் இப்படித்தான் இழந்தேன். ஐந்தாம் நாள் டப்பாவில் பதினொரு குஞ்சு எண்ணினேன், எட்டாம் நாள் வெறும் தண்ணீர். பண்ணையில் பதினொரு வருடம் குஞ்சு வளர்த்தவன் செய்கிற வேலையா அது என்றால், பண்ணையில் எல்லாம் எப்போதும் தயாராக ஓடிக்கொண்டிருக்கும். கப்பிக் குஞ்சு வேறு பிறந்த அன்றே ஆர்ட்டீமியா (உப்புநீரில் பொரிக்கும் பொடி இறால்) தின்னும், அதனால் மண்டையில் ஏறவில்லை.

பண்ணை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இங்கே குஞ்சு மீனுக்கெல்லாம் மொய்னா என்கிற நீர்ப்பூச்சிதான் சாப்பாடு. பன்றிப் பண்ணைக் கழிவுநீர் விட்ட குளங்களில் அது பொங்கிப் பொங்கி வரும். 1980களில் பன்றிப் பண்ணைகளை அரசாங்கம் படிப்படியாக மூடியதும் மொய்னா குறைந்து, டின்னில் வரும் ஆர்ட்டீமியா முட்டைக்கு எல்லாரும் மாறினார்கள். நான் சேர்ந்தபோது பழைய தொழிலாளர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். பட்டாணிப் பஃபர் இரண்டு மூன்று வாரம் ஆனதும் குட்டி மொய்னா கிடைத்தால் விடாதீர்கள், அதைத் துரத்தித் துரத்தி வேட்டையாடுவதைப் பார்ப்பதே தனி.

முதல் வாரத்துக்கு வருகிறேன். ஒரு ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீர், நாலைந்து அரிசி மணி, ஒரு துண்டு காய்ந்த கேத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை, அதோடு தெரிந்தவரிடம் வாங்கிய அரைக் கப் பாரமீசியம் விதை, அதாவது அது ஏற்கெனவே பெருகியிருக்கும் தண்ணீர். இவ்வளவுதான் வேண்டும். ஒரு வாரத்தில் ஜாடியின் மேல் விளிம்பில் வெண்ணிறத் தூசி மாதிரி ஒரு வளையம் ஆடும், டார்ச் அடித்தால் அது நகர்வது தெரியும். பாரமீசியம் கால் மில்லிமீட்டர் இருக்கும், இப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் முதல் வாரத்துக் குஞ்சின் உயிர் இருக்கிறது. நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில சொட்டு. கூடவே வினிகர் புழுவும் வைத்திருந்தால் தெம்பு, அது தண்ணீரில் பல நாள் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். ஏழெட்டு நாளில் குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் ஆர்ட்டீமியாவை விழுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நிறம் தெரியாத வரை பாரமீசியத்தை நிறுத்தாதீர்கள்.

ஜாடிகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஊரில் உள்ளவர்கள் கொசுப்புழுவைப் பிடித்துப் போடு, பஃபருக்கு அமிர்தம் என்பார்கள். அமிர்தம்தான். இங்கே வீட்டில் கொசு உற்பத்தியாவதைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்து ஆள் பார்த்தால் குறைந்தது 200 வெள்ளி போய்விடும், டெங்கிக் காலத்தில் அக்கம்பக்கத்தார் முகத்தில் முழிக்கவும் முடியாது. தாழ்வாரத்தில் திறந்த வாளியே கூடாது. ஜாடி எல்லாம் வீட்டுக்குள், வாய்க்கு மெல்லிய துணி கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். மொய்னா வாளிக்கும் இதே விதி.

ஆர்ட்டீமியாவில் நான் ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன். ஒரு கடையில் வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த டின்னை வாங்கி வந்து, 24 மணி நேரம் காற்றுவிட்டுப் பார்த்தால் பத்தில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. நம் ஊர் ஈரக்காற்றும் சூடும் அந்த முட்டையைக் கொன்றுவிடும். வாங்கியதும் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் பிரித்து, காற்று புகாமல் மூடி குளிர்பெட்டியில் வையுங்கள். குஞ்சு வருவதற்கு முன்பே ஒரு கரண்டி போட்டுப் பொரிகிறதா என்று சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 25 கிராம் உப்பு போதும், உங்கள் நண்பரின் உப்புக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது. குஞ்சுகளுக்குக் கொடுக்கும் முன் வலையில் வடித்து நன்னீரில் அலசுங்கள்.

இன்னொரு எதிரி ஹைட்ரா என்கிற சிறு நீர்வாழ் உயிரி. ஆர்ட்டீமியா மிஞ்சுகிற டப்பாவில் சுவரில் ஒட்டிக்கொண்டு, நூல் நூலாகக் கையை நீட்டி ஆடும். முதலில் அழகாக இருக்கிறதே என்று விட்டேன், மறுநாள் அதன் கையில் ஒரு பஃபர் குஞ்சு. ஹைட்ராவைக் கொல்லும் மருந்துகள் சில நத்தையையும் சேர்த்துக் கொன்றுவிடும், நத்தை பஃபரின் சாப்பாடாயிற்றே. எனக்குப் பிடித்த வழி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக டிராப்பரில் எடுத்துப் புது டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பழையதை வெந்நீரில் கழுவுவது. ஆகும் நேரம் கால் மணி.

மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு பெரிய மீனின் அச்சு அசல் குட்டிப் பதிப்பாகிவிடும். அப்போதிருந்து பொடி நத்தை கொடுக்கலாம், குண்டூசித் தலை அளவில் இருக்கிற ராம்ஸ்ஹார்ன் நத்தைக் குட்டி. கூம்பாக, கெட்டி ஓட்டோடு இருக்கும் மலேசிய நத்தையைத் தவிர்க்கிறேன், அந்த ஓட்டில் பல் உடைகிறது என்று சொல்பவர்கள் உண்டு, நான் உடைந்து பார்த்ததில்லை, சோதிக்கவும் விரும்பவில்லை. இந்தச் சமயத்தில் ஒன்றையொன்று தின்னும். இரண்டு மடங்கு வித்தியாசம் வந்துவிட்டால் சின்னது அன்றிரவே காலி. அதனால் வாரம் ஒரு முறை அளவுவாரியாகப் பிரியுங்கள்.

ஒரு ஈட்டில் முதலில் ஓர் ஆண் தலையெடுத்துவிட்டால் மற்றவை ஆணாக மாறாமல் பெண் தோற்றத்திலேயே தங்கிவிடும் என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. என் ஈடுகளில் அப்படி ஒன்று தெரிந்தது உண்மைதான்: பெரிய ஆணை வெளியே எடுத்த ஒரு மாதத்தில் இன்னொன்றின் வயிற்றில் கோடு வந்தது. ஆனால் அது முன்பே ஆணாக இருந்து அடங்கிக் கிடந்ததா, உண்மையிலேயே திசை மாறியதா என்பதைத் தொட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவரால் பிரிக்க முடியாது. அதனால் இதை நான் கேள்விப்பட்ட கதை என்ற தட்டில்தான் வைப்பேன்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் என்று உங்கள் வீட்டில் கேட்டால் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. கடைக்கு வரும் பட்டாணிப் பஃபரில் பெரும்பகுதி இன்னமும் கேரளத்து ஆறுகளில் வலைபோட்டுப் பிடித்தவை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த மீன் அழியக்கூடிய நிலையில் உள்ளதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆற்றிலிருந்து வந்த மீன் வயிற்றில் புழுவோடு வரும், நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் அதுதான். வீட்டில் பிறந்த மீனுக்கு அந்தத் தொல்லை குறைவு, உறைந்த உணவுக்கும் சீக்கிரம் பழகும். மிஞ்சுகிற குஞ்சுகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடாதீர்கள், நம் சட்டப்படி அது குற்றம், மீனுக்கும் அங்கே வாழ்வு இல்லை.

ஆறு மீனின் வயிறும் தெரிகிற மாதிரி கண்ணாடிக்கு நேராக வரும்போது படம் எடுத்துப் போடுங்கள், எது ஆண் எது பெண் என்று பார்த்துச் சொல்கிறேன். கூடுதல் ஆண்களை எடுத்துவிட்டுத் தனித் தொட்டி ஒன்று வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். பாரமீசியம் விதை வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது, ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் வரும்போது ஒரு போத்தல் கொண்டு வந்தால் நிரப்பித் தருகிறேன். அதை இந்த வாரமே வைத்துவிடுங்கள், உங்கள் ஜோடி அடுத்த முறைக்கு நம்மைக் கேட்டுக்கொண்டு இருக்காது.